எல்லைச்சாமி

சிங்கப்பூரின் பீச் ரோட்டில், இரவு ஒன்பதரை மணிக்கு, ஈப்போ செல்லும் பேருந்துக்காக நடைபாதையோரத்தில் மூட்டை முடிச்சுகளுடன் நிற்கும் கூட்டத்தில், முதன்முறையாக எல்லை கடக்கப் போகிறவர் எவர், மாதந்தவறாமல் கடந்து கடந்து தேர்ந்தவர் எவர் என்று கண்டுகொள்ள வேண்டுமானால், முகங்களைப் பார்த்துப் பயனில்லை. கைகளைப் பார்க்க வேண்டும். புதியவனுடைய கையில் கைப்பேசியோ, உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலமோ, புது மனைவியின் விரல்களோ இருக்கும், அவன் கவலையற்றவன். தேர்ந்தவருடைய வலக்கையோ நிமிஷத்துக்கு ஒருதரம் சட்டையின் இடப்பையை நாடிச் சென்று, கடப்பிதழ் அங்கே பத்திரமாக இருப்பதைத் தடவி அறிந்து, அறிந்தும் ஆறுதல் கொள்ளாமல் அதை வெளியே எடுத்து, அதிலுள்ள படம் தம்முடையதுதானா என்று தெருவிளக்கின் வெளிச்சத்தில் அவர் பார்த்துக்கொள்ள ஒத்தாசை செய்து, அதன் பிறகே ஓய்வுக்குத் திரும்பும். அனுபவம் மனிதனுக்குத் தைரியத்தைத் தருகிறது என்று சொன்னவர்களில் எவரும் இரவுப் பேருந்தில் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பிரயாணம் செய்தவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன்.

இந்தத் தேர்ந்தவருக்கு நான் எல்லைச்சாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊர்க்கோடியில் குதிரையும் அரிவாளுமாக நின்று, வருவோரையும் போவோரையும் இரவெல்லாம் கண்ணிமைக்காமல் கண்காணிக்கும் தெய்வத்தைப் போல, இவரும் இரு நாடுகளின் எல்லையில் பிரயாணிகளைக் காக்கும் பொறுப்பை, எவரும் ஒப்படைக்காமலே, தம் சிரசின்மேல் ஏற்றுக்கொண்டவர். குதிரைக்குப் பதில் 27 இருக்கைகள் கொண்ட குளிர்சாதனப் பேருந்து. அரிவாளுக்குப் பதில் மடக்குக் குடை. வயது அறுபதைக் கடந்திருக்கும். கப்பல் பட்டறையிலோ துறைமுகத்திலோ உழைத்து ஓய்வு பெற்றவராக இருப்பார். பேச்சில் பாதி தமிழ். மீதியை மலாயும் ஆங்கிலமும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும். ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ தமக்கையோ மகளோ இருந்தே தீருவாள். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாமே என்று எவரேனும் யோசனை சொன்னால், "பிளேன்ல போனா எல்லையில என்ன நடக்குதுன்னு யாரு பாக்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

இவர் இப்படி அலைய நேர்ந்ததற்குக் குற்றவாளி இவரல்லர், சரித்திரமே. ஜொகூர் நீரிணையின் குறுக்கே, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளத்தில், கற்களைக் கொட்டி எழுப்பிய கடற்பாலத்தின்மேல் 1923இல் சரக்கு ரயில்கள் ஓடத் தொடங்கி, 1924இல் அது முறைப்படி திறந்துவைக்கப்பட்ட காலத்தில், அதன் வழியே போவோர் வருவோரை நீ எந்த நாட்டான் என்று எவரும் நிறுத்தி வைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. 1942 ஜனவரி 31ஆம் தேதி, தீவுக்குள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அப்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது; ஆனாலும் ஜப்பானியர் அடுத்த மாதமே படகேறி வந்து சேர்ந்துவிட்டனர். "அவனுங்க மட்டும் வரிசையில நிக்கல" என்பது இச்சம்பவத்தைப் பற்றி எல்லைச்சாமியின் ஒற்றை வரி விமரிசனம். 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967இல் பாலத்தின் இரு முனைகளிலும் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அண்ணன் வேலை பார்த்த ஊர் ஒரு நாடாகவும், தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் மற்றொரு நாடாகவும் ஆகிவிட்ட குடும்பங்களில் நிறங்களும் புகுந்தன. சிங்கப்பூரில் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசிக்கு நீலம். மலேசியாவிலோ குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. இந்த நூதன வர்ணாசிரமத்தில் ஓர் எல்லையில் மேலான நிறம் மறு எல்லையில் கீழானதாகிவிடுகிறபடியால், கல்யாண வீட்டுப் பந்தியில் யார் யாருக்கு என்ன நிறம் என்பதைப் பிழையில்லாமல் ஒப்புவிக்க ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். அவரும் நம் எல்லைச்சாமியேதான்.

பேருந்து வந்து நின்றதும் அவர் ஏறுகிற விதமே தனி. முன் வரிசையில், கதவுக்கு அருகில் உள்ள இருக்கையை வாரக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்திருப்பார். முதலில் இறங்குகிறவனே முதலில் வரிசையில் நிற்பான் என்பது அவர் கண்ட சூத்திரம். அமர்ந்தவுடன் பைக்குள்ளிருந்து கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய், காலுறை, அதற்கும் மேலே போர்த்திக்கொள்ள ஒரு கைலி ஆகியவை ஒவ்வொன்றாக வெளிப்படும். பூமத்திய ரேகையிலிருந்து இரண்டு பாகைகூட விலகாத ஊரில், வியர்வை வழியும் இரவில், ஒரு மனிதர் பனிப்பிரதேச யாத்திரைக்குச் சன்னத்தம் ஆவதைக் கண்டு, பக்கத்து இருக்கையில் அரைக்கைச் சட்டையுடன் அமர்ந்திருக்கும் வாலிபன் புன்னகை செய்வான். அந்தப் புன்னகை புக்கிட் தீமா தாண்டுவதற்குள் உறைந்துவிடும். மலேசிய இரவுப் பேருந்துகளின் குளிர்சாதனத்தைத் திறக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. குறைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஓட்டுநரிடம் முறையிட்டால் அவர் தம் தலைக்கு மேலே ஒரு குமிழைத் திருகுவார். காற்று முன்னிலும் அதிகமாக வரும்.

இந்த வாலிபன்தான் இன்றிரவு எல்லைச்சாமியின் சிஷ்யன். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன பொறியாளன். கையில் கருநீல நிற இந்தியக் கடப்பிதழ். அந்த நீலம் கண்ணில் பட்ட கணமே பெரியவருக்குள் உபதேச வெள்ளம் மடை திறந்துகொள்கிறது.

"தம்பி, மலேசியாவுக்கு ஆன்லைன்ல அந்த அரைவல் கார்டு போட்டாச்சா?"

"என்ன கார்டு, அங்கிள்?"

பெரியவர் கண்களை மூடித் திறக்கிறார். சிங்கப்பூர்க் குடிமகனாகிய அவருக்கு அந்த மின்னிலக்க வருகை அட்டை வேண்டியதே இல்லை. ஆயினும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும் என்பதும், எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பதும், கைப்பேசியின் திரை எவ்விடத்தில் சுழன்று சுழன்று நின்றுவிடும் என்பதும் அவருக்கு அத்துப்படி. பேருந்து உட்லண்ட்ஸை நெருங்குவதற்குள், நடுங்கும் விரல்களால் வாலிபன் தன் பெயர், பிறந்த தேதி, தங்குமிடம் அனைத்தையும் பதிந்து முடிக்கிறான். விரல்கள் நடுங்கியது குளிரினாலா, பயத்தினாலா என்பதைப் பெரியவர் விசாரிக்கவில்லை. நடுங்கினதே அவருக்குப் பரம திருப்தி.

சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் பேருந்து நிற்கும்போது அவர் எழுந்து நின்று, கூட்டத்தை நோக்கிப் பிரசங்கம் செய்வது வழக்கம். "பையெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். இங்க பாஸ்போர்ட்டு மட்டும் போதும். அந்தப் பக்கம் போனப்புறம்தான் எல்லாத்தையும் தூக்கணும்." இது முற்றிலும் சரியான தகவல். புறப்படுகிற நாட்டில் மூட்டையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. போய்ச் சேருகிற நாடுதான் அதைத் திறந்து பார்க்க ஆசைப்படும். ஆனால் சரியான தகவலை நள்ளிரவில், உரத்த குரலில், தூங்குகிறவர்களின் காதருகே சொல்லும்போது, அதன் சரித்தன்மைக்காக எவரும் நன்றி பாராட்டுவதில்லை என்ற உலக இயல்பை இவர் இன்னும் அறிந்துகொள்ளவில்லை.

சிங்கப்பூர்ப் பக்கத்தில் இப்போது இயந்திரக் கதவுகள் வந்துவிட்டதால், கடப்பிதழைக் காட்டி, முகத்தைக் காட்டி, சில வினாடிகளில் வெளியே வந்துவிடலாம். இது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதிகாரி ஒருவர் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்து, ஒருதரம் தம்மை நிமிர்ந்து பார்த்து, ஓசை எழச் 'சாப்பு' அடித்துக் கொடுத்த காலத்தில், ஒரு நாட்டை விட்டுப் போகிறோம் என்ற கௌரவம் பிரயாணிக்கு இருந்தது என்பார். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்குச் சாப்புக்குப் பதில் மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, "மெயில் வரலன்னா அவன் வரவே இல்லன்னு ஆயிடுமா?" என்று அவர் எழுப்பிய ஐயத்தை, ஏதாவதொரு தத்துவ மாநாட்டில் சமர்ப்பிக்கலாம்.

பாலத்தைக் கடந்தபின்தான் அவருடைய உண்மையான விசுவரூபத்தைத் தரிசிக்க முடியும். ஜொகூர் பாருவில் 2008ஆம் ஆண்டின் கடைசியில் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தின் அடியில் பேருந்து நின்று, கதவு திறந்து, சகல மூட்டைகளுடனும் சகலரும் இறங்க வேண்டிய அந்த வேளையில், அவர் ஓட்டுநரிடம் "அபாங், பெராப்பா மினிட்?" என்று கேட்பார். ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே "டுவா பூலோ" என்பார். இருபது நிமிஷம்! இந்த இருபது நிமிஷத்தில்தான் எல்லை தாண்டும் பேருந்துப் பிரயாணத்தின் மொத்த வியாகூலமும் அடங்கிக் கிடக்கிறது. விமானம் ஆளைக் கூப்பிடும், ரயில் ஊதும், இந்தப் பேருந்தோ யாருக்கும் சொல்லாமல், நாம் குடிநுழைவு வரிசையில் முப்பத்தோராவது ஆளாக நின்றுகொண்டிருக்கையில், வேறொரு வாயிலின் வழியாகச் சுற்றிப் போய், நமக்குத் தெரியாத ஓரிடத்தில் நின்று, தனக்கே தெரிந்த ஒரு கணக்கின்படி புறப்பட்டுவிடக்கூடும். கட்டடத்துக்குள் புகுந்தபின் பேருந்து கண்ணுக்குத் தெரியாது. நம்முடைய இருக்கையில் விட்டுவந்த தண்ணீர்ப் போத்தலும் கழுத்துத் தலையணையும் வேறொரு தேசத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றனவா, நமக்காகக் காத்திருக்கின்றனவா என்பதை அறிய வழியே கிடையாது.

ஆகவே எல்லைச்சாமி ஓடுகிறார். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், ஒரு கையில் உருளைப்பெட்டியும், மறு கையில் சிராங்கூன் சாலையில் வாங்கிய சேலைப் பையும், கக்கத்தில் குடையுமாக, நகரும் படிகளில் அவை நகரும் வேகம் போதாமல் தாமும் ஏறி ஓடுவதைக் காண்பது, நிதானமாக வருகிறவர்களுக்கு ஒரு பெரிய பொழுதுபோக்கு. மேலே போய்ச் சேர்ந்ததும், எந்தக் கவுண்டர் விரைவானது என்பதை நிர்ணயிக்க அவர் கையாளும் சாஸ்திரம் மிகவும் நுட்பமானது. கொட்டாவி விடும் அதிகாரி சீக்கிரம் அனுப்பிவிடுவார். புதிதாகத் தேநீர் குடித்துவிட்டு வந்து அமர்ந்தவர் ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பார். கண்ணாடி போட்டவர் உத்தமம். கண்ணாடியைத் துடைக்கிறவர் அபாயம். இவ்வளவையும் ஆராய்ந்து அவர் தேர்ந்தெடுத்த வரிசையில், அவருக்கு முன்னால் நிற்கும் ஆள் ஏதோ ஒரு கடிதத்தை எடுத்து நீட்ட, அதிகாரி எழுந்து உள்ளே போய்விடுவார். பக்கத்து வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்ற நம் பொறியாளன் கடந்து போய்க்கொண்டே, "அங்கிள், நான் போய் பஸ்ஸை நிறுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்பான். குருவுக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை.

"நீ போனா எது நம்ம பஸ்ஸுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நம்பரைப் பாத்து வச்சியா?"

பார்த்து வைக்கவில்லை. யாரும் பார்த்து வைப்பதில்லை. ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், ஒரே கம்பெனியின் பெயரைத் தாங்கி வரிசையாக நிற்கும் பேருந்துகளில், ஒன்று மலாக்காவுக்கும், ஒன்று கோலாலம்பூருக்கும், ஒன்று ஈப்போவுக்கும் போகும். பதிவெண்ணின் முதலெழுத்து ஜே என்றால் ஜொகூர் வண்டி, ஏ என்றால் பேராக் வண்டி என்றெல்லாம் மாநிலங்களின் அடையாளத்தைப் பெரியவர் மனப்பாடமாகச் சொல்லுவார். அவருடைய உள்ளங்கையில் நீலப் பேனாவால் முழு எண்ணும் எழுதப்பட்டிருக்கும். வியர்வையில் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்திருப்பது வேறு விஷயம். மலாக்காவுக்குப் போகிற வண்டியில் ஏறி அமர்ந்து, ஓட்டுநர் ஆளெண்ணிப் பார்த்து ஒன்று கூடுகிறதே என்று திகைக்கும்வரை கண்ணயர்ந்திருந்த பிரயாணிகளின் கதைகள் அவரிடம் ஏராளம். தப்பவிட்டவனுக்கும் அவரிடம் வைத்தியம் உண்டு: "பதறக் கூடாது. அதே கம்பெனி அடுத்த பஸ் வரும், டிக்கெட்டைக் காட்டு. ஏத்தலன்னா லார்க்கின் ஸ்டேஷனுக்குப் போயிடு." பதறக் கூடாது என்ற இந்த வாக்கியத்தை அவர் சொல்லும்போது அவர் குரலைக் கேட்கவேண்டும்.

இவருக்கு மனைவி உண்டு என்பதையும், அந்த அம்மாள் இவர் கூடவே பிரயாணம் செய்கிறாள் என்பதையும் இதுவரை சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவள் இதுவரை தூங்கிக்கொண்டிருந்ததுதான். இறங்கச் சொன்னால் இறங்குவாள், ஏறச் சொன்னால் ஏறுவாள். முழங்கால் வலி காரணமாக மெதுவாகவே நடப்பாள். கழிப்பறைக்குப் போகாமல் எந்தச் சோதனைச் சாவடியையும் கடக்க மாட்டாள். கணவர் வாசலில் நின்று கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கையில், உள்ளே யாரோ ஒரு முன்பின் அறியாத பெண்மணியுடன் தீபாவளி முறுக்குக்கு உளுந்து எவ்வளவு சேர்ப்பது என்ற சம்பாஷணை நடந்துகொண்டிருக்கும். எல்லைகளைப் பற்றிய அவளுடைய சித்தாந்தம் சுருக்கமானது. "காசு வாங்கிட்டான்ல? கூட்டிக்கிட்டுத்தானே போகணும்?" இதுவரை எந்தப் பேருந்தும் அவளை விட்டுப் போனதில்லை என்பதுதான் எல்லைச்சாமியின் வாழ்வில் ஆறாத மனக்குறை. ஒரே ஒருமுறை விட்டுப் போயிருந்தால் தம் சாஸ்திரம் நிரூபணமாகியிருக்குமே என்று அவர் ஏங்குவதாகச் சந்தேகிக்கிறேன்.

இருவரும் வந்து சேர்கிறார்கள். பேருந்து நிற்கிறது. ஓட்டுநர் வெளியே நின்று சிகரெட்டை அப்போதுதான் பற்றவைத்திருக்கிறார்.

நடுநிசிக்குமேல் மாச்சாப்பிலோ பாகோவிலோ நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் வண்டி நிற்கும். கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய சென் காசுகளை அவர் சிறு தகரடப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். சிங்கப்பூர்ப் பத்து வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு தவிக்கும் வாலிபனுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் உண்மையான ஔதாரியம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்விடத்தில் அவரிடம் நான் கண்டு வியந்தது வேறொன்று. எல்லையில் அவ்வளவு பதறியவர், இங்கே தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வாங்கிக்கொண்டு, பேருந்துக்கு முதுகைக் காட்டி, சாவகாசமாக அமர்ந்து பசியாறுகிறார். காரணம் எளிது: ஓட்டுநர் எதிர்மேசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கோப்பையில் தேநீர் எவ்வளவு மிச்சம் என்பதிலேதான் எல்லைச்சாமியின் பார்வை. பேருந்து ஓடுவதில்லை, ஓட்டுநரே ஓட்டுகிறார். ஓட்டுநர் குடித்துக்கொண்டிருக்கும்வரை உலகம் நிற்கும். எல்லையில் அவரைப் பிடித்தாட்டும் பயத்துக்கெல்லாம் மூலம், அங்கே இந்தக் கோப்பை கண்ணுக்குத் தெரியாததே.

வண்டி மறுபடி புறப்பட்டபின் எல்லாரும் உறங்குவார்கள். அவர் மாத்திரம் பேசுவார். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டு, வடக்கே புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளும் இந்த நெடுஞ்சாலை வருவதற்கு முன், ஊர் ஊராக நுழைந்து, பால்மரத் தோட்டங்களினூடே வளைந்து போன பழைய பாதையைப் பற்றிச் சொல்லுவார். 1998 முதல் 2011 வரை தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் நிலவிய ஒரு விசித்திரத்தை அவர் வாயால் கேட்பதுதான் ருசி. சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டுவிட, மலேசியாவின் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே இருந்துவிட்டபடியால், ரயிலில் போகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, அதன்பிறகு சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். "வரும்முன்னயே வந்தாச்சு, போறதுக்கு முன்னயே போயாச்சு. நடுவுல அரைமணி நேரம் நான் எந்த நாட்டுல இருந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, தம்பி" என்பார். தம்பி உறங்கியிருப்பான். 2026 இறுதிக்குள் ஓடும் என்று அறிவிக்கப்பட்ட உட்லண்ட்ஸ் நார்த் - புக்கிட் சாகார் ரயிலில், ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனைகளும் முடிந்துவிடும் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துபோகும். அப்படியானால் புதியவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுப்பது?

திரும்பிவரும்போது நடக்கும் கூத்து தனிக் கதை. பேராக்கின் தம்புன் பம்ப்ளிமாஸ், ஈப்போவின் புந்தோங் வட்டாரத்துத் தமிழர்கள் வறுத்து விற்கும் கச்சாங் பூத்தே, மகள் கட்டிக்கொடுத்த ஆட்டுக்கறிப் பிரட்டல் ஆகியவற்றில் எது சிங்கப்பூர்ச் சுங்கத்தில் செல்லும், எது செல்லாது என்று மகளுக்கும் தந்தைக்கும் நடக்கும் வாதம், பிரட்டலைப் புறப்படுமுன்னே அனைவரும் கூடித் தின்று தீர்ப்பதில் சுபமாக முடியும். 1992இலிருந்து சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருக்கும் சூயிங்கத்தை எவராவது மென்றுகொண்டிருந்தால், மற்றோர் எல்லை வாயிலான துவாஸ் வழியோ உட்லண்ட்ஸ் வழியோ வந்து சேருமுன் அதைத் துப்பவைக்கும் காரியத்தையும் இவர் விடமாட்டார்.

சில இரவுகளில், பண்டிகையும் பள்ளி விடுமுறையும் வாரக்கடைசியும் இல்லாத சாதாரண நாள்களில், எல்லை யாதொரு எதிர்ப்பும் காட்டாமல் வழிவிட்டுவிடும். விடுமுறைக் காலத்தில் ஒரே நாளில் இருவழிகளிலும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நெருக்கியடிக்கிற அதே எல்லை, அன்றைக்கு வெறிச்சோடிக் கிடக்கும். ஓட ஆளில்லை, வரிசை இல்லை, பதற அவகாசமில்லை. சுமார் 550 கிலோமீட்டரையும் தடையின்றி ஓடிமுடித்து, அதிகாலை நாலரை மணிக்கே ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில், நகரத்துக்கு வெகு தொலைவில், கொட்டும் பனியில் பேருந்து அனைவரையும் இறக்கிவிட்டுப் போய்விடும். மருமகப்பிள்ளை ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை எழுப்புவது முறையாகாது. கடைகள் திறக்கவில்லை. பொறியாளன் கைப்பேசியில் வாடகைக் காரை வரவழைத்து, "வரேன் அங்கிள், ரொம்பத் தேங்க்ஸ்" என்று போய்விடுகிறான்.

"இவ்வளவு சீக்கிரம் விட்டா எப்படி?" என்று மனைவியிடம் பொருமுகிறார் எல்லைச்சாமி. "முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம் நிப்பாட்டி வைப்பான். சரியா விடியிற நேரத்துக்கு வந்து இறங்குவோம். இப்ப ஒருத்தனும் ஒழுங்கா செக் பண்றதில்ல."

அம்மாள் நீண்ட இருக்கையொன்றில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, "பஸ்ஸுதான் போயிடுச்சே, இனிமே என்ன பயம்? சும்மா உக்காருங்க" என்கிறாள்.

அவர் உட்காரவில்லை. இரும்புக் கதவு இறக்கிப் பூட்டிய டிக்கெட் கவுண்டரின் முன்னால், ஆளே இல்லாத வரிசையில், முதல் ஆளாகப் போய் நின்றுகொள்கிறார்.

"எட்டு மணிக்குத்தான் திறப்பான்."

"திறக்கட்டும். ஞாயித்துக்கிழமை ராத்திரி உட்லண்ட்ஸ்ல எவ்வளவு கூட்டம் இருக்கும்னு உனக்கென்ன தெரியும்? நீ தூங்கிக்கிட்டே வர்றவ."